வீட்டுப் பாடம்: மலையில் மூச்சு முட்டிய வண்டி



சென்ற இதழில் பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றி எழுதிய நான், இந்த இதழில் வண்டி இன்ஜினைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் உங்களில் பலர் சிரிப்பீர்கள். என் வீட்டுக்காரரே சிரித்தார். "உனக்கு ஸ்பேனர் எது, ஸ்குரூ டிரைவர் எது என்று தெரியுமா?" என்று கேட்டார். தெரியும், ஆனால் பிடிக்கத் தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன். காரணத்தைக் கேளுங்கள்.

எங்கள் தோட்டத்தில் காய்கறி விற்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவர், முதுகு வலி வந்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, 1990-களில் வந்த பழைய டோயோட்டா ஹைலக்ஸ் டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினார். வாரத்தில் இரண்டு நாள் விடிகாலையில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைப் பாதையில் ரிங்லெட் வரை போய்க் கோசும் தக்காளியும் கீரையும் ஏற்றி வருவார். மற்ற நாட்களில் தோட்டம் தோட்டமாகப் போய் விற்பார். சம்பள நாள் வரை கடன் கொடுப்பார். அந்த வண்டி ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். எங்கள் லயத்திலும் பாதி வீட்டில் குழம்புக்குக் காய் இருக்கும்.

2024-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அந்த வண்டிக்கு நோய் வந்தது. சமதளத்தில் ஒழுங்காக ஓடும். மலை ஏறினால் பலம் குறையும். ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த, ஆஸ்துமாக்காரர் படியேறுவது போல் திணறும். லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டியதும் நின்றே போகும். பத்து நிமிடம் ஓய்வெடுத்தால் மறுபடியும் கிளம்பும்.

பட்டணத்துப் பட்டறை ஒன்றில் காட்டினார். அங்கே ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "டீசல் பம்ப் போய்விட்டது. மாற்ற 2,800 வெள்ளி ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் வாடிய முகத்தோடு வந்து என்னிடம் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். "அண்ணே, முதலில் டீசல் பில்டரை மாற்றிப் பாருங்கள். எங்கள் அப்பா அப்படித்தான் செய்வார்" என்று ஆலோசனை சொன்னேன். 35 வெள்ளிக்குப் பில்டர் மாற்றினார். இரண்டு நடை மலைக்குப் போய் வந்தார். வண்டி பறந்தது. நானும் ஆசிரியர் அறையில் பெருமை பேசிக்கொண்டேன்.

மூன்றாவது நடை ஒரு சனிக்கிழமை. ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படிக்கும் மகளையும் கூட்டிப் போயிருக்கிறார். ஒரு வளைவில் ஏறும்போது வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஒரு லோரி. இவர் பதற்றத்தில் பிரேக்கை நாலைந்து முறை விட்டு விட்டு மிதித்திருக்கிறார். பிரேக் கல் போல் இறுகிவிட்டது. வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. கைப்பிரேக்கை இழுத்து, கியரைப் போட்டு, எப்படியோ நிறுத்திவிட்டார். லோரிக்காரரும் நல்ல மனிதர், தூரத்திலேயே நிறுத்திக்கொண்டார். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வகுப்பில் என்னிடம், "டீச்சர், லோரி வெளக்கு எங்க கண்ணாடி முழுக்கத் தெரிஞ்சுச்சு" என்று சொன்னாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அரைகுறை ஆலோசனை சொன்னவள் நான்தானே?

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணனின் மனைவி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். "நாளைக்கு அடகுக் கடைக்குப் போறேன் டீச்சர். பம்ப்பு மாத்திடலாம்னு இருக்கோம்" என்றார்.

"அக்கா, பம்ப்தான் கெட்டது என்று நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"பட்டறையில சொன்னாங்களே!"

"பில்டர் என்று நானும்தான் சொன்னேன்" என்றேன். இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னேன். அந்த இரண்டு வாரமும் வெளிச்சம் வந்த பிறகே மலைக்குப் போக வேண்டும், பிள்ளையை ஏற்றக் கூடாது என்று அண்ணனிடம் உறுதி வாங்கிக்கொண்டேன். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தேன்.

நோட்டுப் புத்தகம் செய்த வேலை

நமக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் எடுத்தவுடன் ஊசி போடுவாரா? எப்போதிலிருந்து, காலையிலா மாலையிலா, வாந்தி உண்டா, என்ன சாப்பிட்டாய் என்று பத்துக் கேள்வி கேட்பார். வண்டிக்கும் அதே முறைதான். ஆனால் பட்டறைக்குப் போனால் நாம், "நிக்குது தவுக்கே" என்று இரண்டு சொல்லோடு முடித்துக்கொள்கிறோம். அவர் என்ன செய்வார் பாவம்! தெரிந்ததை ஊகித்துச் சொல்வார். ஊகத்துக்கு விலை கொடுப்பது நாம்.

நோட்டில் ஏழு கட்டம் போட்டுக் கொடுத்தேன்: தேதியும் நேரமும், இடம், ஓட ஆரம்பித்து எவ்வளவு நேரம், டாங்கியில் எவ்வளவு டீசல், எப்படி நின்றது, புகையின் நிறம், எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது. அப்பா மாலையில் வந்து சொல்லச் சொல்ல, மகள் எழுத வேண்டும். இன்னொரு விதியும் சொன்னேன். அறிவியல் பாடத்தில் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வதுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பில்டர், எண்ணெய், குழாய் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது என்று யாருக்குத் தெரியும்?

இரண்டு வாரத்தில் நோட்டு என்ன சொன்னது தெரியுமா? மலைக்குப் போனது நான்கு நடை. மூன்று நடையில் நின்றது. மூன்றிலும் டாங்கி முள் கால் அளவுக்குக் கீழே. ஒரு நடையில் முள் பாதிக்கு மேல் இருந்தது. அன்று பலம் குறைந்தது, நிற்கவில்லை. தோட்டம் சுற்றிய நாட்களில் ஒரு முறைகூட நிற்கவில்லை. நிற்கும்போதெல்லாம் ஒரேயடியாக அணையவில்லை. திணறித் திணறி நின்றது. கரும்புகை இல்லை. பத்து முதல் பதினைந்து நிமிடத்தில் கிளம்பியது.

இந்த நோட்டோடு எங்கள் தோட்டத்தில் முன்பு டிராக்டர் பார்த்த பெரியவர் ஒருவரிடம் போனோம். ஓய்வுபெற்றுப் பல வருடமாகிறது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நோட்டை இரண்டு முறை படித்தார். "பாப்பா, இது நீ எழுதுனதா?" என்று கேட்டார். பிறகு அண்ணனைப் பார்த்து, "தம்பி, நீ சங்கிலிய வீட்டுலயே வை" என்றார்.

டீசல் இன்ஜினுக்கு வேண்டிய மூன்று

பெரியவர் சொன்னதை என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல் உங்களுக்கும் சொல்கிறேன். ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1893-இல் காப்புரிமை பெற்று, 1897-இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இன்ஜின் இது. பெட்ரோல் இன்ஜினில் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசலில் அது இல்லை. காற்றை உள்ளே இழுத்து மிகவும் அழுத்தும்போது அந்தக் காற்றே சூடாகிவிடும். அதில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே அதற்கு வேண்டியது மூன்று: காற்று, டீசல், அழுத்தம்.

அழுத்தம் குறைந்த இன்ஜின் காலையில் குளிரில் கிளம்பவே அடம் பிடிக்கும். அண்ணனின் வண்டி காலையில் ஒரே திருகலில் கிளம்புகிறது. காற்று குறைந்தால், அதாவது காற்றுப் பில்டர் அடைத்திருந்தால், டீசல் முழுதாக எரியாமல் கரும்புகை வரும். இங்கே கரும்புகை இல்லை. எஞ்சியிருப்பது டீசல். மலை ஏறும்போது இன்ஜின் அதிக டீசல் கேட்கிறது. கேட்ட அளவு வந்து சேரவில்லை. சமதளத்தில் குறைவாகக் கேட்கிறது, அது வந்துவிடுகிறது. வாய்க்காலில் குப்பை அடைத்தால் ஒரு வாளித் தண்ணீர் வரும், ஒரு தொட்டித் தண்ணீர் வராதல்லவா? அது போலத்தான்.

"எப்படி நின்றது" என்ற கட்டம் ஏன் முக்கியம் என்றும் கேட்டேன். இந்த மாதிரி வண்டியில் டீசல் பம்ப்பின் மேல் மின்சாரத்தால் திறக்கும் சிறிய அடைப்பான் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று சத்தம் கேட்கும். அதன் ஒயர் தளர்ந்திருந்தால், சாவியை அணைத்தது போல் இன்ஜின் பட்டென்று நிற்கும். திணறி நின்றால் பெரும்பாலும் டீசல் பட்டினி. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்துச் சொன்னாலே மெக்கானிக்கின் வேலை பாதி குறையும் என்றார்.

பெரியவர் செய்த மூன்று சோதனை

முதலில் டாங்கி மூடி. டீசல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போக வழி இருக்க வேண்டும். அந்த வழி அடைத்துவிட்டால் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, டீசல் வர மறுக்கும். வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும். அடுத்த நடையில் வண்டி திணறியதும் அண்ணன் ஓரங்கட்டித் திறந்து பார்த்தார். சத்தம் இல்லை. மூடி குற்றவாளி அல்ல.

இரண்டாவது, பில்டருக்கு அடியில் உள்ள தண்ணீர்த் திருகு. அதைத் தளர்த்தி, மேலே உள்ள கைப்பம்ப்பை அழுத்தி, முதலில் வந்ததை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்தார். அரை மணி நேரம் அசையாமல் வைத்தோம். டீசல் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே தண்ணீர் அடியில் தங்கும். போத்தலின் அடியில் ஒரு விரல் தண்ணீர். அதன் மேல் கறுப்பு நூல் நூலாக ஏதோ மிதந்தது. அண்ணன் முகம் மாறிவிட்டது. அந்தப் பில்டர் மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை!

இங்கேதான் என் தவறு எனக்குப் புரிந்தது. புதுப் பில்டர் போட்டதும் இரண்டு நடை நன்றாக ஓடியது உண்மை. ஆனால் குப்பை வந்துகொண்டிருந்த இடத்தை நான் கேட்கவில்லை. வீடு ஒழுகும்போது அடியில் வாளி வைத்துவிட்டுக் கூரை சரியாகிவிட்டது என்று சொன்னவள் போல் ஆனேன். பில்டர் மாற்றி, குணமாகி, சில நாளில் நோய் திரும்பி வந்தால், அழுக்கு அதற்கு முன்னால் இருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது சோதனைதான் பம்ப்பைக் காப்பாற்றியது. வண்டியின் பின் தட்டில், சுத்தமான டீசல் நிரப்பிய ஒரு கேனை அசையாமல் கட்டினார். டாங்கியிலிருந்து வரும் ரப்பர் குழாயைக் கழற்றி, இன்ஜினுக்குப் போகும் பக்கத்தைக் கேனோடு இணைத்தார். மிச்ச டீசல் திரும்பி வரும் குழாயையும் கேனுக்கே விட்டார். அதாவது, வண்டியின் டாங்கியை ஒதுக்கிவிட்டார். பில்டரில் கிடந்த தண்ணீரை முழுதும் வடித்து, கைப்பம்ப் கடினமாகும் வரை அழுத்திக் காற்றை வெளியேற்றினார். வெளிச்சமான நேரத்தில், போக்குவரத்து குறைந்த பாதையில், பெரியவரே பக்கத்தில் உட்கார்ந்து மலை ஏறினார்கள். அருவியைத் தாண்டினார்கள். ரிங்லெட் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தார்கள். ஒரு முறைகூடத் திணறவில்லை.

யோசித்துப் பாருங்கள். பம்ப் அதே பம்ப். இன்ஜின் அதே இன்ஜின். மாறியது டாங்கி மட்டும். 2,800 வெள்ளிக்குப் புதுப் பம்ப் மாட்டியிருந்தால் அதுவும் அதே மலையில் நின்றிருக்கும். அதற்குள் சங்கிலிக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

(கேன் சோதனையை நீங்களாகச் செய்யாதீர்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். டீசல் வண்டிக்கு மட்டும்தான் இது. பெட்ரோல் வண்டியில் ஒருபோதும் வேண்டாம். பெட்ரோல் ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.)

டாங்கிக்குள் இருந்தது என்ன?

டாங்கியை இறக்கினார்கள். உள்ளே டீசல் உறிஞ்சும் குழாயின் நுனியில் ஒரு சல்லடை இருக்கும். அதைக் கறுப்பு வழுவழுப்பு மூடியிருந்தது. டாங்கியின் அடியில் துரு. இன்ஜின் இழுக்கும்போது அந்தக் குப்பை சல்லடையில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றால் இழுப்பும் நிற்கும். குப்பை மெல்ல உதிர்ந்து கீழே விழும். பத்து நிமிட ஓய்வில் வண்டி ஏன் கிளம்பியது என்று இப்போது புரிகிறதா?

அது எப்படி வந்தது? இதில் நம் எல்லோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து அண்ணன் டாங்கியை நிரப்புவதில்லை. அன்றன்று 20 வெள்ளி, 30 வெள்ளி என்று அடித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, கையில் இருந்தது அவ்வளவுதான். ஆனால் டாங்கியில் காலி இடம் அதிகமாக இருந்தால் அங்கே ஈரக் காற்று நிறையும். இரவில் குளிர்ந்ததும் அந்த ஈரம் டாங்கிச் சுவரில் வியர்த்துத் தண்ணீராய் இறங்கும். துரு பிடிக்கும். தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வளர்ந்து, அந்தக் கறுப்பு வழுவழுப்பை உண்டாக்கும். டீசல் குறைவாக இருக்கும்போது மலையும் ஏறினால், அடியில் கிடக்கும் கசடுதான் முதலில் உறிஞ்சப்படும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் வெட்டி அனுப்பும் செம்பனையின் எண்ணெயும் அந்த டாங்கிக்குள் இருக்கிறது! 1900-இல் பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் இன்ஜின் ஒன்றை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். நம் நாட்டில் போக்குவரத்து டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளைக் கலக்கும் திட்டம் 2011-இல் 5 விழுக்காட்டில் தொடங்கி, 2019-இல் 10 விழுக்காடு ஆனது. இதைக் கெட்டது என்று நான் சொல்லவில்லை. நம் விளைச்சலுக்கு அது ஒரு சந்தை. ஆனால் அதற்கு இரண்டு குணம் உண்டு. பழைய டாங்கியில் ஒட்டியிருக்கும் அழுக்கைக் கரைத்து வெளியே கொண்டுவரும். சாதாரண டீசலைவிடச் சற்று அதிகமாக ஈரத்தையும் பிடித்து வைக்கும். ஆகவே பழைய வண்டிக்காரர்கள் பில்டரையும் தண்ணீர்த் திருகையும் முன்னைவிட அடிக்கடி கவனிக்க வேண்டும். பழைய ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிட வேண்டும். அதன் வழியே காற்று புகுந்தாலும் இதே திணறல்தான் வரும்.

டாங்கி கழுவியது, சல்லடை, இரண்டு ரப்பர் குழாய், புதுப் பில்டர் எல்லாம் சேர்த்து 260 வெள்ளி ஆனது. பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். அண்ணன் விடாமல் ஒரு கூடைக் காய்கறி கொடுத்தார்.

உங்கள் வண்டி திணறினால்

பணம் செலவழிக்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்.

உண்மையிலேயே இன்ஜின்தானா என்று முதலில் பாருங்கள். இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. சிறிது தூரம் ஓடியபின் ஒரு சக்கரத்தின் அருகே மட்டும் சூடும் கருகல் வாடையும் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. சூட்டு முள் மேலே ஏறியிருந்தால் வேறு எதையும் பார்க்காமல் வண்டியை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

பிறகு புகையைப் பாருங்கள். கரும்புகை என்றால் காற்றுப் பில்டர் முதல் சந்தேகம். தோட்டத்துச் செம்மண் பாதையில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நீலப்புகை என்றால் இன்ஜின் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப்புகை விடாமல் வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் உடனே மெக்கானிக்கிடம் போங்கள்.

புகையும் சூடும் சரியாக இருந்தால் டீசல் வரும் பாதையை டாங்கியிலிருந்து தொடங்குங்கள். மூடி, சல்லடை, குழாய், பில்டர், கடைசியில்தான் பம்ப். விலை குறைந்ததை முதலில் பார்த்து, விலை கூடியதைக் கடைசியில் வையுங்கள்.

கார்ப்பரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் வண்டியானால் தீப்பொறியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்பினால் இக்னிஷன் கோயிலும் சந்தேகத்துக்குரியது.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது. ஓடும்போது இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைபலம் நின்றுவிடும். மிச்சம் இருப்பது ஓரிரு மிதிக்குத்தான். விட்டு விட்டு மிதித்தால் அதுவும் தீர்ந்து, மிதி கல்லாகும். ஆகவே ஒரே மிதியாக, அழுத்தமாக, விடாமல் மிதியுங்கள். பவர் ஸ்டேரிங் வண்டியில் ஸ்டேரிங்கும் கனக்கும். இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கம் ஓரங்கட்டுங்கள். வண்டி நிற்கும் வரை சாவியை முழுக்கத் திருப்பி எடுக்க வேண்டாம்; ஸ்டேரிங் பூட்டிக்கொள்ளும். அபாய விளக்கைப் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பிள்ளைகளைச் சாலையோரத் தடுப்புக்கு அப்பால் நிறுத்துங்கள். இதை ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

அந்தப் பட்டறைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் அவசரப்பட்டார். நானும்தான் அவசரப்பட்டேன். இருவருக்கும் வேறுபாடு விலையில்தான்: அவர் சொன்னது 2,800 வெள்ளி, நான் சொன்னது 35 வெள்ளி. ஆனால் அந்த வளைவில் பிள்ளையை உட்கார வைத்தது என்னுடைய 35 வெள்ளி. அதனால்தான் இதை எழுதுகிறேன். "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்பது ஓர் ஆசிரியைக்கு எவ்வளவு கடினமான சொல் என்று இத்தனை வருடம் பாடம் நடத்தியபின் கற்றுக்கொண்டேன்.

அண்ணன் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர்த் திருகைத் திறந்து பார்க்கிறார். மலைக்குப் போகும் முன் டாங்கியைப் பாதிக்கு மேல் வைத்துக்கொள்கிறார். "மொத்தத்துல செலவு ஒண்ணுதான் டீச்சர், முன்னாலயே போடுறேன், அவ்வளவுதான்" என்கிறார். நோட்டுப் புத்தகம் வண்டியின் முன்பெட்டியில் இருக்கிறது. எழுதுவது இன்னும் மகள்தான். போன வாரம் அதை வாங்கிப் பார்த்தேன். முன் பக்கத்தில் வண்டிக் கணக்கு. பின் பக்கத்திலிருந்து, தோட்டத்தில் யார் யார் எவ்வளவு காய்கறிக் கடன் என்று அழகான எழுத்தில் பட்டியல். அதில் என் பெயரும் இருந்தது: தக்காளி ஒரு கிலோ, வெண்டைக்காய் அரைக் கிலோ.

மறந்தே போயிருந்தேன். உடனே கொடுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டு வண்டிக்கும் இப்படி ஏதாவது நோய் வந்து, கண்டுபிடித்த கதை இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த வீட்டுப் பாடத்தில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்